பெரிய சிப்பாய், சிறிய விதிப்புத்தகம்: மேசைமேல் நெப்போலியன் காலப் போர்

1826 ஜூன் மாதம், இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் மேட்டு நிலத்தில் உள்ள ஹாவர்த் என்ற ஊரின் பாதிரியார் பாட்ரிக் பிராண்டே, லீட்ஸ் நகருக்குப் போய்த் திரும்புகையில் தம் மகன் பிரான்வெல்லுக்கு ஒரு பெட்டி மரச் சிப்பாய்களை வாங்கி வந்தார். மறுநாள் காலையில் பெட்டி திறந்ததும், அக்கா சார்லட் அவற்றில் உயரமும் அழகும் மிக்க ஒன்றைத் தட்டிப் பறித்து, இவர்தான் வெலிங்டன் பிரபு, இவர் எனக்கு என்றாள். பிரான்வெல் தன் சிப்பாய்க்குப் போனபார்ட் என்று பெயர் வைத்தான். பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன் நெப்போலியன் போனபார்ட்டை இறுதியாகத் தோற்கடித்த வாட்டர்லூ போர் முடிந்து அப்போது பதினோரு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. பின்னாளில் பெரிய நாவலாசிரியையாக அறியப்பட்ட அந்தச் சிறுமிக்கு வயது பத்து. அந்தப் பிள்ளைகள் கையில் எடுத்தது பெயர் வைக்கத் தக்க ஒரு பொம்மையை. உள்ளங்கையில் வைத்தால் எடை தெரிய வேண்டும், தொப்பியும் முகமும் கண்ணுக்குப் புலப்பட வேண்டும், இவன் யார் என்று கேட்கத் தோன்ற வேண்டும். மேசைப் போர் விளையாட்டில் பெரிய அளவுச் சிப்பாய்களை விரும்புகிறவர்கள் இன்றும் தேடுவது இதைத்தான். பெரிய சிப்பாய்களை வைத்து ஆட வேண்டுமென்றால் விதிகள் எளிமையாக இருந்தாக வேண்டும் என்பதும், அந்த எளிமை நெப்போலியன் காலப் போரைச் சிறுபிள்ளை விளையாட்டாக்காமல் அதன் உள்கட்டமைப்பை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது என்பதும் என் கருத்து.

இந்த விளையாட்டைப் பார்த்திராதவர்களுக்கு முதலில் அதன் உருவத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சாப்பாட்டு மேசையின் மேல் பச்சைத் துணி விரித்து, அடியில் புத்தகங்களைச் செருகி மேடுகளை உண்டாக்கி, அட்டையில் செய்த ஒரு பண்ணை வீடு, சில மரங்கள், ஒரு சாலை என்று நிலத்தை அமைக்கிறார்கள். ஒரு பக்கம் நீலச் சட்டைப் பிரெஞ்சுப் படை, எதிர்ப்பக்கம் சிவப்புச் சட்டைப் பிரிட்டிஷ் படை. ஆளுக்கு ஒரு முறை மாறி மாறிப் படைகளை நகர்த்துகிறார்கள். எவ்வளவு தூரம் நகர்த்தலாம் என்பதை அளவுகோலும், சுட்டதில் எத்தனை பேர் விழுந்தார்கள் என்பதைப் பகடையும் சொல்கின்றன. சதுரங்கத்தில் ஒரு காயை இன்னொரு காய் வெட்டினால் வெட்டியதுதான். இங்கோ வெட்டப் போன படை வெட்டாமலும் திரும்பலாம், பாதி வழியில் மனம் உடைந்து ஓடவும் செய்யலாம்.

சதுரங்கத்தைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. தேர், யானை, குதிரை, காலாள் என்ற நால்வகைப் படையைக் கட்டங்களுக்குள் அடக்கிய இந்தியாவின் ஆட்டம்தான் பாரசீகம் வழியாகவும் அரபு நாடுகள் வழியாகவும் ஐரோப்பாவுக்குப் போய், அங்கே போர் விளையாட்டுக்கும் விதையாக விழுந்தது. 1780-ல் பிரன்ஸ்விக் அரசவையைச் சேர்ந்த ஹெல்விக் என்ற கணித அறிஞர், சதுரங்கப் பலகையை ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டங்களாகப் பெருக்கி, மலை, ஆறு, சதுப்பு என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நிலத்தன்மை கொடுத்து ஓர் ஆட்டத்தை வெளியிட்டார். பிறகு ஜெர்மன் அரசுகளில் ஒன்றான பிரஷ்ய நாட்டில் ரைஸ்விட்ஸ் குடும்பத்துத் தந்தையும் மகனும் கட்டங்களையே தூக்கிப் போட்டார்கள். மகன் 1824-ல் வெளியிட்ட ஆட்டத்தில் 1:8000 அளவில் வரைந்த உண்மையான நிலப்படம் இருந்தது, ஒரு முறை என்பது போர்க்களத்தின் இரண்டு நிமிடம் என்று வகுக்கப்பட்டது, முடிவு சொல்ல ஒரு நடுவரும் பகடையும் இருந்தன. அதை முதலில் அக்கறையில்லாமல் பார்க்க ஆரம்பித்த படைத்தலைவர் ம்யூஃப்ளிங், முடிவில் இது விளையாட்டே அல்ல, போருக்கான பள்ளிக்கூடம் என்று வியந்து, படை முழுவதற்கும் பரிந்துரைத்தார். ஆனால் அந்த நிலப்படத்தின் மேல் ஒரு சிப்பாய் பொம்மைகூடக் கிடையாது. படைப்பிரிவுகளுக்குப் பதிலாகச் சிவப்பு, நீலக் கட்டைகளே நகர்ந்தன. துல்லியம் வேண்டுமென்றவர்கள் பொம்மையை விட்டுக் கட்டைக்குப் போனதை இங்கே குறித்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் பின்னால் வரும் சிக்கல் எல்லாம் இதில் அடங்கியிருக்கிறது.

பொம்மையின் வழி வேறு. அது ராணுவப் பள்ளியிலிருந்து வராமல் குழந்தைகள் விளையாடும் அறையிலிருந்து வந்தது. 1893-ல் லண்டனில் வில்லியம் பிரிட்டன் குடும்பத்தார் உள்ளீடற்ற ஈயச் சிப்பாய்களை வார்க்கத் தொடங்கினார்கள். உருக்கிய ஈயக் கலவையை அச்சில் ஊற்றி, அச்சின் சுவரை ஒட்டிய மெல்லிய தோல் மட்டும் இறுகியவுடன், மிச்சத்தைத் தொப்பியின் ஓட்டை வழியாகச் சட்டென்று கவிழ்த்துவிடுவார்கள். கையில் மிஞ்சுவது வெற்று வயிறுள்ள ஒரு சிப்பாய். ஈயம் குறைந்ததால் விலையும் எடையும் குறைந்தன. திடப்பொருளாக வார்க்கப்பட்ட ஜெர்மன், பிரெஞ்சுப் பொம்மைகளோடு போட்டி போட முடிந்தது. அந்தச் சிப்பாய்களின் உயரம் 54 மி.மீ., அதாவது ஏறக்குறைய ஆளில் 32-ல் ஒரு பங்கு. அந்நாளில் பரவலாக இருந்த பொம்மை ரயிலின் அளவுக்குப் பொருந்தும்படி தேர்ந்தெடுக்கப்பட்ட உயரம் அது. ரயில் போய்ப் பல காலம் ஆகியும் அந்த அளவு நிலைத்துவிட்டது. இன்று 'பெரிய அளவு' என்று இந்தத் துறையில் சொல்லும்போது பெரும்பாலும் இந்த 54 மி.மீ. சிப்பாயைத்தான் குறிக்கிறார்கள்.

அந்தச் சிப்பாய்களுக்கு முறையான விதிகளை அச்சில் தந்தவர் ஆங்கில நாவலாசிரியர் ஹெச்.ஜி.வெல்ஸ். 1913-ல் வந்த அவருடைய சிறு நூல், ஒரு மதிய உணவுக்குப் பிறகு ஜெ.கே.ஜெ. என்ற நண்பர் நாற்காலியில் அமர்ந்து, பிரிட்டன் தயாரித்த சுருள்வில் பீரங்கியால் தரையில் நின்ற சிப்பாய்களைச் சுட்டு வீழ்த்தத் தொடங்கியதில் ஆட்டம் பிறந்ததாகச் சொல்கிறது. ஓர் அங்குல நீள மரத்துண்டைச் சுடும் அந்தப் பீரங்கி, ஒன்பது கெஜ தூரத்தில் நிற்கும் பொம்மையைப் பத்துக்கு ஒன்பது முறை அடிக்கும் என்று வெல்ஸ் பெருமையோடு எழுதுகிறார். காலாள் ஒரு முறைக்கு ஓர் அடி நகரலாம், குதிரை இரண்டு அடி. கைகலப்பில் இரு பக்கமும் ஆளுக்கு ஆள் விழுவார்கள். பீரங்கியைச் சுட அருகில் குறைந்தது நான்கு பேர் வேண்டும். ஒவ்வொரு முறைக்கும் கடிகாரம் வைத்து நேரம் அளக்கப்படும். இவ்வளவுதான் சட்டம், சில பக்கங்களுக்குள் முடிந்துவிடுகிறது. நிமிடங்கள் ஓட ஓட எதிராளிக்கு ஏற்படும் பதற்றத்தை வெல்ஸ் ஆட்டத்தின் உயிராகவே கருதினார். அந்த நேர வரம்பை இன்றைய ஆட்டக்காரர்களில் பலர் கைவிட்டது ஒரு இழப்பு என்றே நினைக்கிறேன்.

வெல்ஸின் ஆட்டத்தில் சிப்பாய்களின் துப்பாக்கி சுடாது. பீரங்கி மட்டுமே சுடும். நெப்போலியன் காலப் போரை ஆட வேண்டுமானால் அது போதாது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டனில் டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் போன்றவர்கள் இந்த விளையாட்டைப் பெரியவர்களின் பொழுதுபோக்காகப் பரப்பியபோது, மரத்துண்டுப் பீரங்கி போய்ப் பகடை வந்தது, 54 மி.மீ. சிப்பாயின் இடத்தை 20, 25 மி.மீ. சிப்பாய்கள் பிடித்தன, பிறகு 15 மி.மீ., அதற்கும் கீழே 6 மி.மீ. வரை போனார்கள். சிறிய சிப்பாய் என்றால் அதே மேசையில் ஐந்து மடங்கு, பத்து மடங்கு ஆட்கள் நிற்பார்கள். படை படையாகத் தெரியும். ஆனால் ஆட்கள் பெருகியதோடு விதிகளும் பெருகின. இந்த ரெஜிமென்ட்டின் பயிற்சிக்கு ஒரு கூட்டல், மேட்டில் நின்றால் ஒரு கூட்டல், மழைக்கு ஒரு கழித்தல், முதல் வெடிக்கு ஒரு கூட்டல் என்று அட்டவணை மேல் அட்டவணை வந்து, ஒரு துப்பாக்கி வெடியின் விளைவைக் கணக்கிட வெடி வெடிக்கும் நேரத்தைவிடப் பன்மடங்கு நேரம் பிடித்தது. அதில் உழைப்பும் ஆய்வும் இருந்தன என்பதை மறுக்கவில்லை. அந்தக் கணக்குகள் எந்தத் துல்லியத்தைத் தந்தன என்பதுதான் கேள்வி.

இதற்கு விடை காண அளவைப் பற்றிக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். வாட்டர்லூவில் 1815 ஜூன் 18 அன்று மோதிய படைகளின் முன்னணி சுமார் 4 கி.மீ. நீளம். 54 மி.மீ. சிப்பாயின் 1:32 அளவில் நிலத்தையும் அமைத்தால் அந்த முன்னணி 125 மீட்டர் நீளும். விளையாட ஒரு பள்ளிக்கூட மைதானம் தேவைப்படும். ஆகவே நிலத்துக்கு ஓர் அளவு, ஆளுக்கு வேறு அளவு என்று பிரித்தே ஆக வேண்டும். இது பெரிய பொம்மைக்கு மட்டும் உரிய குறை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. லண்டனில் உள்ள தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் வில்லியம் சைபோர்ன் என்ற ராணுவ அதிகாரி செய்த வாட்டர்லூ மாதிரி இருக்கிறது. போர் நடந்த நிலத்தை அளப்பதற்காகவே அவர் மாதக்கணக்கில் அங்குள்ள லா ஹே சான்ட் பண்ணையில் தங்கியிருந்தார். 1838-ல் அதைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார். 70,000-க்கும் மேற்பட்ட ஈயச் சிப்பாய்கள், ஒவ்வொன்றும் இரண்டு பேருக்குச் சமம். அவர் நிலத்துக்கு எடுத்த அளவு ஒரு மைலுக்கு ஒன்பது அடி, அதாவது ஏறக்குறைய 1:587. அவருடைய சிப்பாயின் உயரம் ஏறக்குறைய ஒரு செ.மீ. அந்த நிலத்தில் ஒரு செ.மீ. உயரம் என்பது ஆறு மீட்டர். வாழ்நாளையும் பணத்தையும் கொட்டித் துல்லியத்தைத் தேடிய அந்த மனிதரின் மாதிரியிலும் ஒவ்வொரு சிப்பாயும் இரண்டு மாடி வீட்டு உயரத்துக்கு நிற்கிறான். பொம்மை என்று ஒன்றை நிலத்தின் மேல் நிறுத்தியவுடன் அளவு பிறழ்ந்துவிடுகிறது; பிறழ்ச்சி எவ்வளவு என்பதில் மட்டுமே வேறுபாடு.

எனவே பெரிய சிப்பாயோடு ஆடுகிறவர் இந்தப் பிறழ்ச்சியை ஒளிக்காமல் ஏற்றுக்கொண்டு, எந்த இரண்டு மூன்று அளவுகள் சரியாக இருந்தே தீர வேண்டும் என்று மட்டும் கேட்கிறார். நான் ஆடும் மேசை 180 செ.மீ. நீளம், 120 செ.மீ. அகலம். மஸ்கட் துப்பாக்கி எட்டும் தூரம் 30 செ.மீ. என்று வைத்திருக்கிறேன். அது களத்தில் 150 மீட்டர் என்று கொண்டால், ஒரு செ.மீ. ஐந்து மீட்டர் ஆகிறது. நிலத்தின் அளவு 1:500. பன்னிரண்டு சிப்பாய்களை ஆறு ஆறாக இரண்டு வரிசையில் நிறுத்தினால் அகலம் சுமார் 18 செ.மீ., அதாவது 90 மீட்டர். மூன்று வரிசையில் அணிவகுத்த அறுநூறு பேர் கொண்ட ஒரு பட்டாலியன் உண்மையில் பிடித்த அகலம் இதற்கு மிக அருகில் வரும். துப்பாக்கியின் எட்டும் தூரத்துக்கும் பட்டாலியனின் அகலத்துக்கும் உள்ள விகிதம் சரியாக அமைந்துவிட்டால், போரில் முக்கியமான தொண்ணூறு சதவிகிதம் தானாக இடத்தில் உட்கார்ந்துவிடும் என்பது என் அனுபவம். அந்த அளவின்படி என் சிப்பாய் ஒவ்வொருவனும் 27 மீட்டர் உயரம், ஒன்பது மாடிக் கட்டடம் போல. அதைப் பற்றி எந்த விதியும் கவலைப்படத் தேவையில்லை. மேசை முழுவதும் 900 மீட்டருக்கு 600 மீட்டர்தான். வாட்டர்லூ முழுவதையும் ஆட முடியாது. அதன் ஒரு மூலையை ஆடலாம்.

இனி, எளிய விதிகள் எதைக் காப்பாற்ற வேண்டும் என்பது. நெப்போலியன் காலக் காலாட்படைக்கு மூன்று அணிகள் இருந்தன: கிடைவரிசை, நெடுவரிசை, சதுரம். கிடைவரிசையில் ஏறக்குறைய எல்லாத் துப்பாக்கியும் சுடும்; ஆனால் அப்படியே நடந்தால் வரிசை நெளிந்து உடையும், ஆகவே மெதுவாகவே போக வேண்டும். நெடுவரிசை வேகமாக நகரும், ஆட்கள் நெருக்கமாக இருப்பதால் துணிவும் கூடும். முன்னால் இருப்பவர்கள் மட்டுமே சுட முடியும். சதுரம் என்பது நான்கு பக்கமும் துப்பாக்கி முனையில் மாட்டிய பயோனெட் கத்தியை நீட்டி நிற்கும் முள்ளம்பன்றி. குதிரை அதன் மேல் ஏறாது, ஆனால் பீரங்கிக்கு அதைவிட நல்ல இலக்கு கிடையாது. மஸ்கட் துப்பாக்கியைப் பயிற்சி பெற்றவன் நிமிடத்துக்கு இரண்டு மூன்று முறை சுடுவான்; நூறு மீட்டருக்கு அப்பால் குறி தவறுவதே வழக்கம். காலாள், குதிரை, பீரங்கி மூன்றும் ஒன்றை ஒன்று வெல்லும், ஒன்றுக்கு ஒன்று தோற்கும். எந்த அணியில் எப்போது மாறுவது என்பதே பட்டாலியன் தலைவனின் தலையாய முடிவு.

அந்த முடிவு எவ்வளவு கொடியதாக இருக்க முடியும் என்பதற்கு வாட்டர்லூவிலேயே சான்று இருக்கிறது. அன்று மாலை லா ஹே சான்ட் பண்ணை வீழ்ந்த பின்பு, பிரிட்டிஷ் மன்னருக்காகப் போரிட்ட ஜெர்மானியரின் படையான ஜெர்மன் லீஜியனைச் சேர்ந்த கர்னல் ஓம்ப்டீடாவுக்கு, பட்டாலியனைக் கிடைவரிசையில் நிறுத்தி முன்னேறும்படி, வெலிங்டன் படையில் தளபதியாக இருந்த நெதர்லாந்தின் ஆரஞ்சு இளவரசரிடமிருந்து கட்டளை வந்தது. அருகில் பிரெஞ்சுக் குதிரைப்படை நிற்கிறது என்று ஓம்ப்டீடா எடுத்துச் சொன்னார். கட்டளை திரும்பவும் வந்தது. அவர் கீழ்ப்படிந்து முன்னேறினார். மார்புக்கவசம் அணிந்த பிரெஞ்சுக் குதிரைவீரர்கள் பக்கவாட்டில் பாய்ந்து பட்டாலியனைச் சிதைத்தார்கள். ஓம்ப்டீடா களத்திலேயே மாண்டார். அன்று பிற்பகலிலேயே அதே பண்ணைக்கு உதவியாக அனுப்பப்பட்ட, வெலிங்டன் பக்கத்து ஜெர்மன் படையான லூனபர்க் பட்டாலியனுக்கும் வெட்டவெளியில் இதே கதி நேர்ந்திருந்தது. எந்த விதிப்புத்தகமாக இருந்தாலும், அது எத்தனை பக்கமாக இருந்தாலும், இந்த ஒரு காட்சி மேசையில் இயல்பாக நிகழ இடம் கொடுக்காவிட்டால் அதை நெப்போலியன் கால ஆட்டம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எளிய விதி இதை எப்படிச் சாதிக்கிறது என்பதை ஒரு தாக்குதலைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். என் ஆட்டத்தில் கிடைவரிசை ஒரு முறைக்கு 15 செ.மீ. நகரும், நெடுவரிசை 25 செ.மீ., குதிரை 40 செ.மீ. கிடைவரிசையில் இரண்டு சிப்பாய்க்கு ஒரு பகடை. 5 அல்லது 6 விழுந்தால் எதிரியில் ஒருவன் அகற்றப்படுவான். பன்னிரண்டு பேர் நின்றால் ஆறு பகடை, சராசரியாக இரண்டு பேர் விழுவார்கள். மூன்றில் ஒரு பங்கை, அதாவது நான்கு பேரை இழந்த பட்டாலியன் மனவுறுதிக்குப் பகடை உருட்ட வேண்டும். 1, 2, 3 விழுந்தால் பின்வாங்க வேண்டும். இப்போது ஒரு பிரெஞ்சு நெடுவரிசை 35 செ.மீ. தொலைவிலிருந்து பிரிட்டிஷ் கிடைவரிசையை நோக்கி வருகிறது. முதல் முறையில் 10 செ.மீ. தூரத்துக்கு வந்து நிற்கும். ஒரு வெடி வாங்கும். அடுத்த முறையில் மோத வரும்போது இன்னொரு வெடி. இரண்டு வெடிக்குச் சராசரி நான்கு பேர். மனவுறுதிப் பகடை எந்த எண்ணிக்கையில் தொடங்குகிறதோ, அதே எண்ணிக்கையில் நெடுவரிசை எதிரியின் வாசலில் நிற்கிறது! ஓர் ஆள் குறைவாக விழுந்திருந்தால் பயோனெட் கத்தியோடு உள்ளே புகுந்துவிடும். ஓர் ஆள் கூடுதலாக விழுந்திருந்தாலோ பகடை கையில் நடுங்கும். ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் நடந்த தீபகற்பப் போரிலும் வாட்டர்லூவிலும் பிரெஞ்சு நெடுவரிசைகள் சில நேரம் துளைத்துச் சென்றதும் சில நேரம் கடைசி ஐம்பது அடியில் உடைந்ததும் இந்த மயிரிழையில்தான். இதைக் கொண்டுவர எனக்குத் தேவைப்பட்டவை நான்கு எண்கள் மட்டுமே.

அந்த மயிரிழையைத் தன் பக்கம் சாய்க்க ஆட்டக்காரர் என்ன செய்வார்? முன்கூட்டியே பீரங்கியால் அடித்து எதிரியின் வரிசையில் இரண்டு பேரைக் குறைத்துவைத்தால், எதிர்வெடியில் ஒரு பகடை குறையும். அதைத் தடுக்க எதிராளி வரிசையை மேட்டுக்குப் பின்புறம் நிறுத்துவார்; கண்ணுக்குத் தெரியாததைச் சுட முடியாது என்பது ஒரு வரி விதி. வெலிங்டன் தம் படைகளைத் திரும்பத் திரும்ப மேட்டின் மறுசரிவில் ஒளித்துவைத்ததன் பொருள், அந்த ஒரு வரியிலிருந்து ஆட்டக்காரருக்குத் தானாகப் புரிந்துவிடுகிறது. யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

என் அண்ணன் மகனுக்குப் பதினான்கு வயது. முதன்முதலாக ஆட உட்கார்ந்தபோது பளபளக்கும் மார்புக்கவசக் குதிரைவீரர்கள்தான் அவனை இழுத்தார்கள். பன்னிரண்டு குதிரைகளையும் ஒரே கும்பலாக மேட்டின் மேல் ஏற்றிவிட்டான். என் மூன்று பட்டாலியன்களும் சதுரம் அமைக்கப் பகடை உருட்டின, 3-க்கு மேல் விழ வேண்டும், மூன்றும் பிழைத்தன. சதுரத்தின் மேல் குதிரைக்கு ஆளுக்கு ஒரு பகடைதான், அதுவும் 6 விழுந்தால்தான் அடி. இரண்டு முறை சுற்றிச் சுற்றி வந்து, ஏழு குதிரைகளை இழந்து, அவன் முகம் வாடிவிட்டது. வாட்டர்லூவில் மாலை நான்கு மணியளவில் நெப்போலியனின் தளபதி மார்ஷல் நே செய்ததும் இதுவே. கடைசியில் சுமார் 9,000 குதிரைவீரர்கள் அந்த மேட்டில் ஏறியும், கூடவே போதிய காலாட்படை வராததால் சதுரங்கள் நிலைத்து நின்றன. நான் அவனிடம் நேயைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அடுத்த வாரம் அவன் குதிரையை மேட்டின் விளிம்பில் சும்மா நிறுத்திவைத்தான். அந்த அச்சத்தில் என் பட்டாலியன்கள் சதுரத்தை விட்டு வெளியே வர முடியவில்லை. பின்னாலேயே ஒரு பீரங்கியை உருட்டிக்கொண்டு வந்து, தகர டப்பாவில் சிறு குண்டுகளை நிறைத்துச் சுடும் கேனிஸ்டரை என் சதுரத்தின் மேல் இறக்கினான். சதுரத்தைச் சுடும் பீரங்கிக்கு இரட்டைப் பகடை. எட்டுப் பகடையில் ஐந்து பேர் விழுந்தார்கள். மூன்று படைக்கலங்களையும் சேர்த்து இயக்குவது என்று ராணுவ நூல்கள் அத்தியாயம் அத்தியாயமாக விளக்குவதை அவன் ஒரு தோல்விக்கும் ஒரு வெற்றிக்கும் இடையில் கற்றுக்கொண்டான்.

பெரிய சிப்பாய் இதற்கு எவ்வகையில் உதவுகிறது என்று கேட்கலாம். இதே விதியை 6 மி.மீ. சிப்பாய்களோடும் ஆடலாமே. ஆடலாம். ஆனால் 6 மி.மீ. படைக்குப் பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்ட வேண்டும்: இது எந்தப் பிரிவு, எத்தனை பேர் மிச்சம் என்று. 54 மி.மீ. சிப்பாய்க்குச் சீட்டு தேவையில்லை. சிவப்புத் தோள்பட்டைக் குஞ்சம் தெரிந்தால் பிரெஞ்சு கிரனடியர், கரடித்தோல் தொப்பி தெரிந்தால் நெப்போலியனின் பழைய காவற்படை, கரும்பச்சைச் சட்டை தெரிந்தால் பேக்கர் ரைபிள் ஏந்திய பிரிட்டிஷ் ரைபிள்காரன். பன்னிரண்டில் எட்டு நிற்கிறார்கள் என்பது அறையின் மறுகோடியிலிருந்தே தெரியும். தகவல் எல்லாம் பொம்மையின் உடம்பிலேயே இருப்பதால், கண் காகிதத்துக்கும் களத்துக்கும் இடையே அலைவதில்லை. அதோடு, பன்னிரண்டு பேர் மட்டுமே உள்ள பட்டாலியனில் ஒருவனை எடுத்து மேசைக்கு வெளியே வைப்பது கைக்கு உறைக்கும் ஒரு செயல். அவனுடைய வெள்ளைக் குறுக்குப் பட்டைகளுக்கும் பித்தளைத் தொப்பித் தகட்டுக்கும் ஒரு மாலை முழுவதையும் செலவிட்டு வண்ணம் பூசியவருக்கு அது இன்னும் அதிகமாக உறைக்கும்.

செலவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஈயப் பொம்மைகள் இன்று சேகரிப்பாளர்களின் பொருள். விளையாடுவதற்கு இத்தாலேரி, விக்ட்ரிக்ஸ் போன்ற நிறுவனங்களின் பிளாஸ்டிக் சிப்பாய்கள் போதும். ஒரு பக்கத்துக்கு மூன்று பட்டாலியன், ஒரு குதிரைப் பிரிவு, ஒரு பீரங்கி என்றால் ஐம்பதுக்கும் குறைவான பொம்மைகள். சிறிய அளவில் ஒரு முழுப் படையைத் தயாரிக்க நூற்றுக்கணக்கில் பூச வேண்டியவர், அதைப் பாதியில் விட்டுவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எளிய விதி இழப்பதும் உண்டு, அதை மறைப்பது நேர்மை அல்ல. என் மேசையில் கட்டளை உடனே போய்ச் சேர்கிறது. களத்திலோ ஒரு குதிரைத் தூதன் வழியில் சுடப்பட்டால் ஒரு டிவிஷனே அசையாமல் நிற்கும். வெலிங்டனுக்குத் துணையாக வந்த பிரஷ்யர்கள் எப்போது வந்து சேருவார்கள் என்ற, வாட்டர்லூவின் விதியையே நிர்ணயித்த கேள்விக்கு 900 மீட்டர் மேசையில் இடமில்லை. வரிசைக்கு முன்னால் சிதறி நின்று சுடும் இலகு காலாட்களை நான் தனியாகக் கணக்கிடுவதில்லை. இது உண்மையான குறை, இதற்கு நல்ல தீர்வு எனக்கு இன்னும் அகப்படவில்லை. படைத்தலைவரின் நாற்காலியில் அமர விரும்புகிறவருக்கு ரைஸ்விட்ஸின் நிலப்படமும் கட்டைகளுமே பொருத்தம். பெரிய சிப்பாய் நம்மை பட்டாலியன் தலைவனின் குதிரை மேல் உட்காரவைக்கிறான். அந்தக் குதிரையிலிருந்து எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் தெரியும்.

ஆகவே இந்த அளவுக்கு ஏற்ற களம் எது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது லா ஹே சான்ட். பிரஸ்ஸல்ஸ் நெடுஞ்சாலையை ஒட்டி, தெற்கே பழத்தோட்டமும் வடக்கே காய்கறித் தோட்டமும் உள்ள ஒரு பண்ணை வீடு. காப்பவர்கள் மேஜர் பேரிங் தலைமையில் ஜெர்மன் லீஜியனின் ஓர் இலகு பட்டாலியன், சுமார் 400 பேர். மேசையில் எட்டுச் சிப்பாய்கள். பிரெஞ்சுத் தரப்பு விரும்பியபடி அலை அலையாகப் பட்டாலியன்களை அனுப்பலாம். பேரிங் தரப்புக்கு ஒரே ஒரு தனி விதி: பன்னிரண்டு வெடிகளுக்கு மட்டுமே குண்டு உண்டு. பேரிங்கின் ஆட்கள் ஏந்தியிருந்தது ரைபிள். அதற்கான குண்டு கேட்டு அவர் ஆளுக்கு மேல் ஆள் அனுப்பியும் வந்து சேரவில்லை. ஆகவே தொலைவிலேயே சுட்டுத் தடுப்பதா, வாசல் வரை விட்டுச் சுடுவதா என்று ஒவ்வொரு முறையும் முடிவெடுக்க வேண்டும். பிரெஞ்சுக்காரர் களஞ்சியத்துக்குத் தீ வைக்கலாம். அப்படி வைத்தால் பேரிங்கின் இரண்டு சிப்பாய்கள் ஒரு முறை சுடாமல் குளத்திலிருந்து தண்ணீர் சுமக்க வேண்டும். அன்று உதவிக்கு வந்த, நசாவ் என்ற ஜெர்மன் நாட்டு வீரர்களின் பெரிய சமையல் பாத்திரங்களால்தான் தீயை அணைத்தார்கள். மாலை ஆறு மணிக்குப் பிறகு பண்ணையைக் கைவிட்டு வெளியேறியபோது பேரிங்கோடு மிஞ்சியவர்கள் 42 பேர். மேசையில் ஒரே ஒரு சிப்பாய்.

பண்ணை வீட்டை அட்டையில் செய்யும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். களஞ்சியத்தின் மேற்குப் பக்கத்துப் பெரிய வாசலுக்குக் கதவு ஒட்டக் கூடாது. ஜூன் 17 இரவு கொட்டிய மழையில் நனைந்த படையினர் குளிர் காய்வதற்காக அந்தக் கதவை உடைத்து எரித்துவிட்டார்கள். மறுநாள் முழுவதும் பேரிங்கின் ஆட்கள் அந்தத் திறந்த வாசலில்தான் நின்று சண்டையிட்டார்கள். 1:32 அளவில் அந்த வாசலை வெட்டி, இரண்டு சிப்பாய்களைத் தோளோடு தோள் நிறுத்திப் பார்த்தால் அகலம் சரியாக இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.